நிலத்தடி சாண எரிவாயுக் கலனைப் பேணும் முறை

சாண எரிவாயுக் கலன் அமைத்துள்ள விவசாயிகளில் பலர், அடுப்பு எரியும் வரை கலனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 1984ஆம் ஆண்டில் உருவான தீனபந்து வகையில் இரும்பு டிரம் கிடையாது. செங்கல்லால் கட்டிய கவிமாடம் மண்ணுக்கடியில் மறைந்திருப்பதால் பழுது எளிதில் தெரியாது. கவிமாடத்தின் மேலுள்ள மண், வாயு உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்திற்கு எதிர் எடையாக நிற்கிறது. மழையில் அது கரைந்தால் உடனே நிரப்பிவிட வேண்டும். அதன்மேல் டிராக்டர் ஓட்டலாகாது. அருகில் மரம் வளர்த்தால் வேர் கட்டடத்தைப் பிளக்கும்.

2 கன மீட்டர் கலனுக்கு நாள்தோறும் சுமார் 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் தேவை. வைக்கோல், மண், கல் ஆகியவற்றை நீக்கியே கரைக்க வேண்டும். பினாயில் கலந்த தொழுவக் கழுவுநீரை விட்டால் வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மடியும்.

சுடர் துள்ளித் துள்ளி எரிந்தால் குழாயில் நீர் தேங்கியுள்ளது எனக் கொண்டு, தாழ்வான இடத்திலுள்ள வடிகுழாய் வழியே அதை வெளியேற்றவும். கசிவைக் காண சோப்பு நுரையைத் தடவினால் போதும். குமிழி எழும் இடமே கசியும் இடம். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது கூடவே கூடாது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறியே வெடிக்கப் போதுமானது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, அடைப்பு எடுக்கக் கலனுக்குள் இறங்குவதுதான். பாழுங்கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. கிணற்றில் அதற்குப் பொருள் இருக்கலாம்; இங்கு அந்த விளக்கே வெடிக்கச் செய்யும். உள்ளே உயிர்க்காற்று குறைந்து, கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்பைடும் நிறைந்திருக்கும். பின்னது சிறிதளவில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. ஆகவே நாற்றமில்லை என்று துணியாதீர்கள். மயங்கி விழுந்தவரைத் தூக்கப் போனவரும் உடன் மடிவது இத்தகைய விபத்துகளில் வழக்கமாக நிகழ்வது.

கழியால் கிளறியும் அடைப்பு நீங்காவிடில், பயிற்சி பெற்ற கொத்தனாரை அழைப்பதே முறை. அவரும் வாயுவை வெளியேற்றி, கரைசலை இறைத்து, சில நாட்கள் திறந்து வைத்து, ஊதுவிசிறியால் காற்றுச் செலுத்திய பின்னரே, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் பிடித்திருக்க இறங்க வேண்டும். எவரேனும் உள்ளே விழுந்துவிட்டால் இறங்காமல் கயிற்றால் மேலே இழுங்கள். 112க்குத் தொலைபேசியில் தெரிவித்துத் தீயணைப்புத் துறையினரை வரவழையுங்கள்.