சாவிக்கொத்தா, மூளையா?

தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "சாவி கொண்டாங்க!" என்று யாராவது கத்துவார். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். ஓரிரு நிமிடத்தில் உதறல் நின்றுவிடும். இரும்புதான் நிறுத்தியது என்று சுற்றி நின்றவர்கள் நம்புவார்கள்.

நிறுத்தியது அவருடைய மூளையேதான்.

கெமாஸ் ரயில் நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூர்ப் பக்கமும் தும்பாட் பக்கமும் தடம் பிரியும் இடம். அங்கே எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் பச்சையானால் என்ன ஆகும்? மூளையில் குளூட்டமேட்தான் பச்சை விளக்கு, நரம்பணுவைத் தூண்டிவிடும். காபா சிவப்பு விளக்கு. குளோரைடு அயனிகளை உள்ளே விட்டு நரம்பணுவை அடக்கும். வியப்பு என்னவென்றால், காபா உருவாவதே குளூட்டமேட்டிலிருந்துதான்! அப்படி மாற்றும் நொதிக்கு வைட்டமின் பி6 வேண்டும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், டின்னில் அடைத்த ஒருவகைப் பாலைக் குடித்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. தயாரிப்பின்போது சூட்டில் பி6 அழிந்திருந்தது. அந்த வைட்டமினைக் கொடுத்ததும் வலிப்பு நின்றது.

சிவப்பு விளக்கையும் மீறி வலிப்பு தொடங்கிவிட்டால்? அப்போது அடினோசின் வருகிறது. நரம்பணுக்கள் ஓயாமல் வேலை செய்யும்போது ஏடிபி (உங்கள் உயிரியல் பாடத்தில் வரும் அதே ஏடிபி) வேகமாகச் செலவாகிச் சிதைந்து, அடினோசின் குவிகிறது. அது குளூட்டமேட் வெளியேறுவதைக் குறைக்கிறது. அதாவது, நெருப்பு எரிய எரியத் தண்ணீரும் ஊறுகிறது. 1992இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோயாளிகளின் மூளையில் நுண்குழாய் வைத்து அளந்தார்கள். வலிப்பின்போது அடினோசின் பல மடங்கு ஏறியது. வலிப்பு நின்ற பிறகும் உடனே இறங்கவில்லை. வலிப்புக்குப் பின் வரும் அயர்வுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். காப்பி தூக்கத்தை விரட்டுவதும் இதே கதைதான்: அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஆனால் இந்தக் காவலுக்கும் எல்லை உண்டு. வலிப்பு நீள நீள, காபா வந்து ஒட்டும் ஏற்பிகள் நரம்பணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படுகின்றன. மருத்துவமனையில் போடும் டையஸிபாம் போன்ற மருந்துகள் காபாவுக்குத்தான் கைகொடுக்கின்றன. ஏற்பிகள் குறைந்தால் மருந்தின் வேலையும் குறையும். மருத்துவர்கள் 5 நிமிடம் என்று கணக்கு வைத்திருப்பது இதனால்தான். உங்கள் தோட்டத்திலிருந்து சிகாமட்டுக்கோ தம்பினுக்கோ போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

எனவே சாவியைத் தேடாமல் கடிகாரத்தைப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் மடித்த துணி. கை கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். முதல்முறை வலிப்பு என்றாலும், நின்று மறுபடி வந்தாலும், 5 நிமிடம் தாண்டினாலும் உடனே 999.