மோட்டர் ஒடுக்கியை இனங்காணுதல்

நீர்ப்பம்பி முதல் மாவரைக்கும் பொறி வரை, நம் இல்லங்களிலே தொழிற்படும் மின்மோட்டர்கள் பல தனியவத்தை ஆடலோட்டத்தால் இயங்குவன. அவற்றுட் பலவற்றின் உடலிலே உருளை வடிவான சிறு கலமொன்று பொருத்தப்பட்டிருக்கும். அதுவே ஒடுக்கி, கொள்ளளவி எனவும் வழங்கும். அது பழுதுற்றவிடத்து, இயல்பறியாது வேறொன்றை வைத்தல் மோட்டருக்கும் மாற்றுவோனுக்கும் கேடு பயக்கும்.

ஒடுக்கியின் தேவை யாது? தனியவத்தை மின்னோட்டம் ஒரு சுருளில் உண்டாக்கும் காந்தப்புலம் முன்னும் பின்னுமாக அலையுமேயன்றிச் சுழலாது. ஆதலின் நின்ற மோட்டர் தானே புறப்படமாட்டாது. இரண்டாவது சுருளொன்றை ஒடுக்கியொடு தொடராக இணைத்தால், அச்சுருளின் மின்னோட்டம் முதற் சுருளின் மின்னோட்டத்துக்கு முந்தும். இவ்விரண்டன் கூட்டத்தாற் சுழலும் புலம் பிறக்கின்றது.

ஒடுக்கிகள் இருவகைப்படும். தொடக்க ஒடுக்கி பெரும்பாலும் கறுத்த உறையுடையது, மின்பகுபொருள் வகையினது. அதன் கொள்ளளவு பொதுவாக 70 மைக்குரோபரட்டுக்கு மேற்பட்டது. "88–108" என எல்லையாகப் பொறிக்கப்படுதலும் உண்டு. மோட்டர் முழு வேகத்தின் முக்காற் பங்களவை எய்தியதும் மையநீக்க ஆளி அதனைச் சுற்றினின்றும் நீக்கிவிடும். சில செக்கன்களுக்கே அமைந்த அதனை இடையறாது மின்னில் வைத்தால், சூடேறி வெடிக்கும். இயக்க ஒடுக்கியோ உலோகம் பூசிய மென்படலத்தாலானது. பெரும்பாலும் 1 முதல் 100 வரையான மைக்குரோபரட்டுக் கொண்டது. மோட்டர் ஓடுங்கால் என்றும் சுற்றிலிருப்பது.

பொறிப்புக்களை நோக்குவோம். "எம்.எப்.டி." என்பது மைக்குரோபரட்டையே குறிக்கும். "25/85/21" என்பது, கழிய 25 முதல் 85 பாகை செல்சியசு வரை தொழிற்படுமெனவும், ஈரவெப்பச் சோதனை 21 நாட்கள் எனவும் பொருள்படும். "35 + 5" எனவும் மூன்று முடிவிடங்களுடனும் காணப்படுவது, குளிரூட்டிகளில் அமுக்கிக்கும் விசிறிக்குமாக ஒரே உறையில் அமைந்த ஈரொடுக்கியாகும்.

பொறிப்பு அழிந்திருப்பின் என் செய்வது? முதற்கண் மின்னிணைப்பை முற்றாக நீக்குக. மின் நீங்கிய பின்னும் ஒடுக்கியில் ஏற்றம் தங்கியிருக்கும். ஏறத்தாழ 20,000 ஓம் தடையியொன்றினூடாக அதனை இறக்கிய பின்னரே கையாலே தொடலாம். கொள்ளளவுமானியால் அளத்தல் நன்று. எனினும் உறை வீங்கியோ கசிந்தோ இருப்பின், அவ்வளவு நம்பத்தக்கதன்று. மோட்டரின் பெயர்த்தகட்டையே நாடல் வேண்டும். கொள்ளளவுமானியில்லாவிடின், பயிற்சியுடையோர் இயக்க ஒடுக்கியின் மின்னோட்டத்தையும் அதற்குக் குறுக்கேயுள்ள அழுத்தத்தையும் அளந்து கணிப்பர். 50 சுற்று மீடிறனில், அம்பியரை 3183 ஆற் பெருக்கி உவோற்றாற் பிரித்தால் மைக்குரோபரட்டுக் கிடைக்கும். 230 உவோற்றில் 0.36 அம்பியர் பாயுமாயின், கொள்ளளவு ஏறத்தாழ 5 ஆகும்.

மாற்றுங்கால் கொள்ளளவு ஒத்திருத்தல் வேண்டும். தாங்கும் உவோற்று மூலத்தினும் மிகலாம், குறைதல் ஆகாது. வழங்கல் 230 உவோற்றாயினும், துணைச்சுருளின் தாக்கத்தால் இயக்க ஒடுக்கியின் குறுக்கே அதனினும் மிக்க அழுத்தம் தோன்றும். அதனாலன்றோ 400, 450 எனப் பொறிக்கின்றனர்! புறத்தோற்றத்தை மட்டும் நம்பாது, வகை, கொள்ளளவு, அழுத்தம் என்னும் மூன்றையும் ஒருங்கே தேர்ந்து தெளிதலே ஏற்றதாகும்.