பாப்பாவின் மூச்சை அளப்பது எப்படி?

மாணவர்களே, நுரையீரலின் கொள்ளளவை அளக்கும் சோதனையை அறிவியல் கூடத்தில் செய்திருப்பீர்கள். நீர் நிரப்பிய போத்தலைத் தொட்டியில் கவிழ்த்து, ரப்பர் குழாயைச் செருகி, "மூச்சை நன்றாக இழுத்து முழுவதையும் ஊது" என்பார் ஆசிரியர். மருத்துவமனையில் ஆஸ்துமா நோயாளிகள் ஊதும் ஸ்பைரோமீட்டரும் இதே தகவலைத்தான் தருகிறது.

ஆனால், இரண்டு மாதப் பாப்பாவை ஊதச் சொல்ல முடியுமா? சொன்னால் சிரிக்கும், இல்லையென்றால் அழும்!

அப்படியிருந்தும் ஏன் அளக்க வேண்டும்? நார்வேயின் ஒஸ்லோ நகரில் பிறந்து சில நாள்களே ஆன 802 குழந்தைகளின் மூச்சை ஆய்வாளர்கள் அளந்தனர். பத்து வயதில் அவர்களை மீண்டும் சோதித்தபோது, பிறந்தவுடன் நுரையீரல் செயல்திறன் குறைந்திருந்தவர்களிடம் ஆஸ்துமா அதிகமாக இருந்தது. இம்முடிவு 2006-இல் வெளியானது. அப்படியென்றால், சிலருக்கு ஆஸ்துமாவின் வேர் பிறப்புக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கருவுற்ற தாயின் அருகில் புகை பிடிக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழந்தை ஊதாது, எனவே அது இயல்பாக விடும் மூச்சையே அளக்கிறார்கள். மூக்கையும் வாயையும் மூடும் மென்மையான முகமூடி ஒரு குழாயோடு இணைக்கப்படும். அக்குழாயில் மீயொலி இரு திசைகளிலும் பாயும். ஆற்றோட்டத்தோடு நீந்துபவர் விரைவாகவும், எதிர்த்து நீந்துபவர் தாமதமாகவும் கரை சேர்வார் அல்லவா? அதுபோல, ஒலி சென்று சேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு காற்றின் வேகத்தைக் கருவி கணக்கிடுகிறது.

நாம் சாதாரணமாக விடும் ஒரு மூச்சு ஏறக்குறைய 500 மில்லிலிட்டர். 3 கிலோ எடையுள்ள குழந்தையின் மூச்சோ 15 முதல் 20 மில்லிலிட்டர்தான், அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி அளவு! முகமூடி சற்றுப் பெரிதாக இருந்தாலும், விட்ட காற்றையே குழந்தை மீண்டும் இழுக்க நேரிடும்.

இனிதான் முக்கியமான சிக்கல். விழித்திருக்கும் குழந்தை அசையும், விரல் சூப்பும், அழும். தொண்டையைச் சுருக்கி வெளிமூச்சைத் தடுத்தும் வைக்கும். மூச்சுக்கு மூச்சு அளவு மாறும். தூக்கத்திலும் இரு வகை உண்டு. மூடிய இமைக்குள் கண்கள் உருளும் தூக்கத்தில் விலா எலும்புத் தசைகள் தளர்ந்து, மூச்சு சீரற்றுப் போகும். அமைதியான தூக்கத்தில்தான் அது சீராக இருக்கும். அதனால் பல ஆய்வுக்கூடங்களில் பால் கொடுத்து, குழந்தை உறங்கும்வரை காத்திருந்து அளக்கிறார்கள்.

விழித்திருக்கும்போதும் அளக்கலாம். ஆனால் அந்த எண்ணைத் தூக்கத்தில் எடுத்த எண்ணோடு ஒப்பிடக் கூடாது. தொடக்கப்பள்ளியில் படித்த 'கட்டுப்படுத்தப்பட்ட மாறி' நினைவிருக்கிறதா? இங்கே குழந்தையின் நிலையே அந்த மாறி. நிலையைக் குறிக்காத எண்ணால் பயனில்லை.

இந்தப் பாடம் வீட்டிலும் உதவும். கேமரன் மலைக் குளிரில் பாப்பாவுக்குச் சளி பிடித்தால், கருவி இல்லாமலே நீங்கள் ஒன்றை அளக்கலாம். அழாமல் அமைதியாக இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். குழந்தையின் மூச்சு விட்டுவிட்டு வரும் என்பதால், 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஓராண்டுக்குள் 50 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், மூச்சிழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்வாங்கினால் அதுவும் ஆபத்து அறிகுறியே.

அப்போது விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பெற்றோரிடம் சொல்லி, பிரிஞ்சாங்கிலிருந்து தானா ராத்தா மருத்துவமனைக்கு உடனே புறப்படுங்கள். எண்ணியதைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பக்கத்திலேயே 'தூங்கும்போது' அல்லது 'விழித்திருந்தபோது' என்று குறிக்க மறந்துவிடாதீர்கள்.