கடல் கடந்து வரும் பழைய கார்

ஜப்பானில் பழைய மோட்டார் கார்கள் மலிவு என்னும் பேச்சு நம் குடும்பங்களில் அடிக்கடி எழுகிறது. அந்நாட்டிலும் நம் நாட்டைப் போலவே வண்டிகள் சாலையின் இடப்புறமே செல்வதால், ஸ்டியரிங் வலப்புறம் அமைந்த கார்கள் அங்கே ஏராளம். ஆயினும், காரைப் பார்க்குமுன் விற்பவரின் நாணயத்தைப் பார்ப்பதே அறிவுடைமை. கடல் கடந்து சென்ற பணத்தை மீட்பது எளிதன்று.

முதற்சோதனை நம் நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. இறக்குமதியாகும் பழைய கார், உற்பத்தியாகி 3 ஆண்டுகளுக்கு மேற்படாததாக இருத்தல் வேண்டும். மும்பைத் துறைமுகத்தின் வழியாகவே வருதல் வேண்டும். சுங்கம் முதலிய வரிகளோ காரின் விலையையே விஞ்சிவிடும். "7 ஆண்டுக் காரையும் அனுப்பித் தருகிறேன்" என்று ஒரு வியாபாரி கூறுவாராயின், அவர் விதி அறியாதவர். அல்லது அறிந்தே ஏய்ப்பவர். இருவரிடமும் நமக்கு வேலையில்லை.

இரண்டாவது, அவருடைய உரிமம். ஜப்பானில் 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பழைய பொருள்களை வாங்கி விற்போர் பொதுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். அதன் எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். மேலும், 2015 முதல் ஒவ்வொரு கம்பெனிக்கும் 13 இலக்க எண் ஒன்று வழங்கப்பட்டு வருகிறது. அந்த எண்ணுக்குரிய பெயரையும் விலாசத்தையும் அந்நாட்டு வரித்துறையின் இணையதளத்தில் எவரும் இலவசமாகக் காணலாம். வியாபாரி தந்த விலாசம் அதனோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, ஏலச்சீட்டு. அங்கே பெரும்பாலான பழைய கார்கள் ஏலத்தில் கைமாறுகின்றன. காரின் தரம், ஓடிய கிலோமீட்டர், கீறல், நசுங்கல் யாவும் அச்சீட்டில் குறிக்கப்படும். தர எண்ணுக்குப் பதிலாக 'ஆர்' என்னும் எழுத்து இருப்பின், அது பழுது பார்க்கப்பட்ட வண்டி என்பது பொருள். மூலச்சீட்டின் பிரதியைக் கேட்டு, ஜப்பானிய மொழி அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். வியாபாரி தரும் மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. சேஸிஸ் எண் எல்லாத் தாள்களிலும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

இறுதியாக, பணம் கம்பெனியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிற்கே செல்லட்டும். தனிமனிதர் பெயருக்கோ வேறொரு நாட்டுக் கணக்கிற்கோ அனுப்புமாறு கூறினால், பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்க. "இன்றே அனுப்பாவிடில் கார் கைநழுவிவிடும்" என்னும் அவசரத்திற்கும் இடங்கொடாதீர்கள். முன்னர் அவரிடம் வாங்கிய இருவரையேனும் நேரில் விசாரித்தறிவது நலம்.

குடும்பம் முழுவதும் சிக்கனம் பிடித்துச் சேர்த்த பணம் அது. நாணயமான வியாபாரி இக்கேள்விகளுக்குச் சினங்கொள்ளமாட்டார். சினங்கொள்பவரிடம் கார் வாங்கவேண்டிய கட்டாயம் நமக்கில்லை.