எசேக்கியா: கடவுளைச் சார்ந்திருந்த யூதா அரசர்

எசேக்கியா என்பவர் கிமு 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எருசலேமைத் தலைநகராகக் கொண்டு யூதா நாட்டை ஆண்ட அரசர். 25 வயதில் அரியணை ஏறி 29 ஆண்டுகள் ஆட்சி செய்தார் என்று விவிலியம் கூறுகிறது. கடவுள்மேல் வைத்த நம்பிக்கையில் யூதாவின் அரசர்களில் இவருக்கு நிகர் எவரும் இல்லை என்பது இரண்டாம் இராஜாக்கள் நூலின் மதிப்பீடு. ஆனால் அந்த நம்பிக்கை தடுமாறிய இடங்களையும் அதே நூல் மறைக்கவில்லை.

இவருடைய தந்தை ஆகாஸ், கோவில் பொன்னையும் வெள்ளியையும் அசீரியப் பேரரசருக்கு அனுப்பி அவருக்கு அடங்கி நடந்தவர். எசேக்கியா கோவிலைச் சீர்ப்படுத்தி, மேடைகளை அகற்றினார். மோசே செய்ததாகக் கருதப்பட்ட வெண்கலப் பாம்பு மக்களின் வழிபாட்டுப் பொருளாகிவிட்டது என்பதால் அதையும் உடைத்தார். முன்னோர் போற்றிய ஒன்றை உடைக்க ஓர் அரசருக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

சனகெரிப்பின் படையெடுப்பு

வடக்கே இருந்த இஸ்ரவேல் நாட்டின் தலைநகரான சமாரியா கிமு 722 அளவில் அசீரியரிடம் வீழ்ந்திருந்தது. பின்னர் எசேக்கியா அசீரியாவுக்கு அடங்க மறுத்ததால், கிமு 701இல் பேரரசர் சனகெரிப் யூதாவின்மேல் படையெடுத்தார். 46 அரணுள்ள நகரங்களைப் பிடித்ததாக அவருடைய கல்வெட்டு பெருமை பேசுகிறது. லாகீஸ் நகரம் வீழ்ந்த காட்சியை நினிவே அரண்மனைச் சுவர்களில் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கினார்கள். அவை இப்போது லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

எசேக்கியா முதலில் பணிந்தே போனார். 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கொடுக்க, தாமே பொன் பொதித்த கோவில் கதவுகளிலிருந்து அதை உரித்து எடுத்தார். தந்தை செய்ததையே மகனும் செய்ய நேர்ந்தது. அப்படியும் முற்றுகை நீங்கவில்லை. ரப்சாக்கே என்னும் அசீரிய அதிகாரி மதிலருகே வந்து, எல்லாரும் கேட்கும்படி யூதரின் மொழியிலேயே ஏளனம் செய்தார். ஏறுவதற்கு ஆட்கள் இருந்தால் 2000 குதிரைகள் தருவதாகச் சொன்னார். அரசரின் கட்டளைப்படி மக்கள் பதில் பேசவில்லை.

பிறகு மிரட்டல் கடிதம் வந்தது. எசேக்கியா அதைக் கோவிலுக்கு எடுத்துச் சென்று கடவுளுக்கு முன் விரித்து வைத்தார். அவருடைய வேண்டுதலில் வீண் வீரம் இல்லை. அசீரியர் பல நாடுகளைப் பாழாக்கியது உண்மைதான் என்று ஒப்புக்கொண்ட பிறகே உதவி கேட்கிறார். நகரம் வீழாது என்று ஏசாயா தீர்க்கதரிசி பதில் அனுப்பினார். ஒரே இரவில் 1,85,000 வீரர்கள் மாண்டதாக விவிலியம் சொல்கிறது. சனகெரிப்பின் கல்வெட்டோ, எசேக்கியாவை எருசலேமுக்குள் அடைத்து வைத்ததாகவும் கப்பம் பெற்றதாகவும் சொல்கிறதே தவிர, நகரைப் பிடித்ததாகச் சொல்லவில்லை.

கடவுளைச் சார்ந்திருப்பது என்றால் கைகட்டி உட்கார்ந்திருப்பது என்று எசேக்கியா நினைக்கவில்லை. மதிலைப் பலப்படுத்தினார், கீகோன் ஊற்றின் நீரை நகருக்குள் கொண்டுவந்தார். சுமார் 533 மீட்டர் நீளமுள்ள சீலோவாம் சுரங்கமே அது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. இரு முனைகளிலிருந்தும் பாறையைக் குடைந்து வந்தவர்கள் நடுவில் சந்தித்ததை விவரிக்கும் கல்வெட்டு அதற்குள் 1880இல் கிடைத்தது. இருப்பினும், ஆயுதங்களையும் நீர்த்தேக்கத்தையும் பார்த்தவர்கள் எல்லாவற்றையும் அமைத்தவரைப் பார்க்கவில்லையே என்று ஏசாயா எருசலேமியரைக் கண்டித்திருக்கிறார். குறை வேலையில் இல்லை. பார்வை அதோடு நின்றுவிட்டதில்தான் இருந்தது.

பாபிலோன் தூதர்கள்

எசேக்கியா கடும் நோயிலிருந்து பிழைத்த பின், பாபிலோனிலிருந்து தூதர்கள் நலம் விசாரிக்க வந்தார்கள். பகைவனின் கடிதத்தைக் கடவுளிடம் கொண்டுபோனவர், நண்பர்களிடம் தம் கருவூலத்தையும் ஆயுதசாலையையும் ஒன்று விடாமல் திறந்து காட்டினார். இவையெல்லாம் ஒருநாள் பாபிலோனுக்குப் போகும் என்றார் ஏசாயா. தம் காலத்தில் அமைதி இருக்குமே என்பதுதான் அரசரின் பதிலாக இருந்தது. அவருக்குப் பின் 12 வயதில் அரசரான மகன் மனாசே, தந்தை அகற்றிய மேடைகளைத் திரும்பவும் கட்டினார்.