காபி கடை வெப்சைட்டுக்கு வந்தவங்க ஓடுறது ஏன்? 3 வினாடியில் கை நழுவும் வியாபாரம்

புதுக்கோட்டை,

கடைக்கு போர்டு மாட்டினால் போதும் என்ற காலம் மாறிப்போச்சு. இப்போது சின்ன காபி கடைக்காரர்கள் கூட வெப்சைட் வைக்கிறார்கள். ஆனால் அதை செல்போனில் திறப்பவர்கள் கடை பேரைக் கூட முழுசா படிக்காமல் வெளியே போய் விடுகிறார்கள் என்றால் போட்ட காசு தண்டம்தானே?

திருச்சியில் இருந்து ராமேசுவரத்துக்கு காரில் போகும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கீரனூர் தாண்டியதும் பின் சீட்டில் இருக்கும் பாட்டி, "ஒரு வாய் காபி கிடைக்குமாப்பா?" என்கிறார். பேத்தி செல்போனில் புதுக்கோட்டை காபி கடைகளை தேடுகிறாள்.

அவளுக்கு தெரிய வேண்டியது மூணே விஷயம். கடை எங்க இருக்கு? இப்ப திறந்திருக்கா? காபி என்ன விலை?

வெப்சைட்டை தொட்டதும் வட்டம் சுத்துகிறது. ஆவி பறக்கும் டபரா செட் படம் பாதி வந்து நிற்கிறது. அதற்குள் "உங்களுக்கு தகவல் அனுப்பலாமா?" என்று ஒரு பெட்டி குறுக்கே வந்து விழுகிறது. அவ்வளவுதான், பேத்தி அடுத்த கடைக்கு போய்விட்டாள். கார் திருமயத்தை தாண்டி விடும்.

படம்தான் வில்லன்

செல்போனில் ஒரு பக்கம் திறக்க 3 வினாடிக்கு மேல் ஆனால், 53 சதவீத வருகைகள் பாதியிலேயே கைவிடப்படுவதாக 2016-ல் கூகுள் வெளியிட்ட ஆய்வு சொன்னது. இப்படி வந்த வேகத்தில் திரும்பிப் போவதை 'பவுன்ஸ்' என்கிறார்கள்.

தாமதத்துக்கு பெரும்பாலும் காரணம் படங்கள்தான். செல்போன் கேமராவில் எடுத்த ஒரு படம் 4, 5 எம்.பி. இருக்கும். அதை அப்படியே பத்து படம் ஏற்றினால் சிக்னல் குறைவான ஊரில் எப்படி திறக்கும்? அகலத்தை 1,200 பிக்சலுக்கு சுருக்கி சேமித்தால் 200 கே.பி. பக்கம் வந்து விடும். பார்ப்பவர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தானாக பாடும் பாட்டு, ஓடும் வீடியோ எல்லாவற்றையும் எடுத்து விடலாம்.

இன்னொரு கூத்து, எழுத்து. டி.டி.பி. சென்டரில் அச்சடிக்க 'பாமினி' எழுத்துருவில் அடித்த விலைப்பட்டியலை அப்படியே வெப்சைட்டில் ஒட்டினால் தமிழுக்கு பதில் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று தெரியும். ஒரு கடையின் பக்கத்தை பஸ்சில் உட்கார்ந்து திறந்து பார்த்துவிட்டு, செல்போன்தான் ரிப்பேர் என்று நானே நினைத்தது உண்டு. யூனிகோடில் அடித்தால் இந்த தொல்லை இல்லை.

போன் நம்பரை படத்துக்குள் போடுவதும் தப்பு. எழுத்தாகப் போட்டு அழைப்பு இணைப்பும் கொடுத்தால், விரலால் தொட்டதும் போன் போகும்.

உலகமே பார்த்த காபி பாத்திரம்

அழகான டிசைன் இருந்தால்தான் ஆள் நிற்பார்கள் என்று நினைப்பவர்களுக்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு கதை இருக்கிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடத்தில் பல பேருக்கு சேர்த்து ஒரே ஒரு காபி பாத்திரம். மாடிப்படி ஏறி இறங்கி வந்தால் காலியாக கிடக்கும். வெறுத்துப்போன ஆராய்ச்சியாளர்கள் 1991-ல் அதன் எதிரே ஒரு கேமராவை வைத்து, பாத்திரத்தை தங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்க ஏற்பாடு செய்தார்கள். 1993-ல் அது இணையத்துக்கு வந்தது. தபால் தலை மாதிரி சின்ன கருப்பு வெள்ளை படம், அவ்வளவுதான். ஆனாலும் உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

காபி இருக்கா, இல்லையா? அந்த ஒரு கேள்விக்கு திறந்ததும் பதில் கிடைத்தது. 2001 ஆகஸ்டு 22-ந்தேதி கேமராவை நிறுத்தினார்கள். அந்த பழைய பாத்திரம் 3,350 பவுண்டுக்கு ஏலம் போனது!

சீக்கிரம் போனால் நஷ்டமா?

எல்லா பவுன்சும் நஷ்டம் இல்லை. பேத்தி உள்ளே வந்து, கடை திறந்திருப்பதை பார்த்து, வழி தெரிந்துகொண்டு 5 வினாடியில் வெளியே போனால் அது நல்ல வியாபாரம். கணக்கில் மட்டும் அதுவும் பவுன்ஸ் என்றே விழலாம். ஆகவே எத்தனை பேர் ஓடினார்கள் என்பதை விட, எத்தனை பேர் போன் நம்பரையும் மேப்பையும் தொட்டார்கள் என்று வெப்சைட் போட்டுக் கொடுத்தவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கூகுளின் 'பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ்' பக்கத்தில் வெப்சைட் முகவரியை கொடுத்தால் வேகத்தை காசில்லாமல் சோதிக்கலாம். அதைவிட எளிது, விலை குறைந்த செல்போனோடு புதிய பஸ் நிலையத்துக்கு போய், வைபை இல்லாமல் திறந்து பார்ப்பது.

கூகுள் சின்ன கடைகளுக்கு இலவசமாக கொடுத்து வந்த வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் மூடிவிட்டது. அந்த பழைய முகவரி உங்கள் விசிட்டிங் கார்டிலோ, கடை போர்டிலோ இன்னும் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.