10-ம் நம்பர் முள் சின்னது, 5/0 பெரியது! உயிர் இரைக்கு எந்தத் தூண்டில் முள்ளை வாங்கணும்?

முத்துக்காட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கொடுவா பிடிக்கப் போகலாம் என்று மாமா கூப்பிட்டிருந்தார். உயிர் இறால் அவர் பொறுப்பு, தூண்டில் முள் என் பொறுப்பு. கடையில் போய், "அண்ணா, கொஞ்சம் பெருசா, 10-ம் நம்பர் குடுங்க" என்று கேட்டு, பாக்கெட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கி வந்தேன். மாமா பிரித்தார். வெட்டிப் போட்ட நகத்துண்டு சைஸில் இருந்தன.

"மாப்ள, இதுல ஜிலேபிதான் பிடிக்கலாம்" என்று சிரித்தார். வேறு முள் கையில் இல்லை. அதிலேயே இறாலைக் கோர்த்துப் போட்டோம். அரை மணி நேரத்தில் தக்கை அமிழ்ந்தது. வந்தது ஒரு சாண் நீளம்கூட இல்லாத கொடுவாக் குஞ்சு. முள் கண்ணுக்கே தெரியவில்லை, நரம்பு நேராகத் தொண்டைக்குள் போயிருந்தது. முள்ளை எடுத்துவிடலாம் என்று குடைந்து, ரத்தம் வந்து, கடைசியில் தண்ணீரில் விட்டபோது வயிற்றைக் காட்டி மிதந்தது. சாப்பிடவும் உதவாத, வளரவும் வழியில்லாத மீன். ஒரு தப்பான நம்பரால் வந்த வினை. அதன்பிறகு மாமாவிடமும் தெரிந்தவர்களிடமும் கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதுதான் இது.

நம்பர் ஏன் தலைகீழ்?

முள்ளின் நம்பர் மில்லிமீட்டர் கணக்கு இல்லை. 10, 8, 6, 4, 2, 1 என்று நம்பர் குறையக் குறைய முள் பெரிதாகும். 1-க்குப் பிறகு கணக்கு திரும்பிவிடும். 1/0, 2/0, 3/0 என்று பின்னால் சைபர் ஒட்டிக்கொள்ளும், இங்கே நம்பர் கூடக் கூட முள்ளும் பெரிதாகும். அதாவது 5-ம் நம்பரும் 5/0-வும் ஒன்றே இல்லை. கடையில் வாய்மொழியாகக் கேட்கும்போது அந்தச் சைபரை விழுங்கிவிட்டால் என் கதைதான்.

இன்னொரு சிக்கல், இந்த நம்பருக்கு எல்லா கம்பெனிக்கும் பொதுவான அளவு கிடையாது. நார்வேயின் முஸ்டாட் 1877 முதல் முள் தயாரிக்கிறது. அதன் 2/0-வையும் ஜப்பான் கம்பெனி ஒன்றின் 2/0-வையும் பக்கத்தில் வைத்தால் ஒரே அளவாக இருக்கும் என்று நம்ப முடியாது. ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறும். அதனால் நம்பரைக் கேட்டு வாங்குங்கள், ஆனால் கண்ணால் பார்த்து முடிவு பண்ணுங்கள்.

மீனை விடுங்க, முதல்ல இரையைப் பாருங்க

பெரிய மீன் வேணும்னா பெரிய முள் என்றுதான் எல்லோரும் நினைப்போம். செத்த இரைக்கு அது ஓரளவு சரி. உயிர் இரை வேறு. அது துள்ளணும், ஓடணும், தப்பிக்கப் பார்க்கணும். அந்தத் துடிப்புதான் கொடுவாவை இழுத்து வருகிறது. தடித்த கம்பியில் செய்த கனமான முள்ளில் சின்ன இறாலைக் கோர்த்தால், அது முள்ளின் பாரத்தில் அடியில் போய் உட்கார்ந்துவிடும். கொஞ்ச நேரத்தில் செத்தும் போகும். அப்புறம் உயிர் இறாலுக்குக் கொடுத்த காசு வேஸ்ட்.

மாமா செய்யும் சோதனை ரொம்ப சிம்பிள். இரையைக் கோர்த்ததும் முதலில் பக்கெட் தண்ணீரில் விடுவார். நிமிர்ந்து நீந்தினால் முள் சரி. ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ, தலைகீழாகத் தொங்கினாலோ ஒரு சைஸ் குறைப்பார், இல்லையென்றால் மெல்லிய கம்பி முள்ளுக்கு மாறுவார்.

அதற்காக ரொம்பச் சின்ன முள்ளுக்கும் போகக் கூடாது. முள்ளின் கூர்முனைக்கும் தண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் மீனின் வாயில் மாட்டும் இடம். இரையின் சதையே அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டால், மீன் கடித்தாலும் முனை எங்கேயும் ஏறாது. கோர்த்த பிறகு பாதி இடைவெளியாவது காலியாக இருக்கணும்.

கோர்க்கும் இடத்தைப் பொறுத்தும் சைஸ் மாறும். இறாலைத் தலையில் கோர்ப்பதென்றால் கொம்புக்கு அடியில், ஓட்டுக்குள் தெரியும் கருத்த பகுதியில் படாமல் குத்தணும். அங்கே பட்டால் இறால் உடனே காலி. வால் பக்கத்துக் கடைசிக் கணுவிலும் குத்தலாம். மடவைக் குஞ்சு என்றால் உதட்டில், அல்லது முதுகுத் துடுப்புக்கு முன்னால் தோலோடு மட்டும்.

தோராயமாகச் சொன்னால், விரல் நீள உயிர் இறாலுக்கு மெல்லிய கம்பியில் 1/0 முதல் 3/0 வரை பொருந்தும். கை விரலைவிடக் கொஞ்சம் பெரிய மடவைக்கு 3/0 முதல் 5/0. குளத்தில் மண்புழு கோர்த்து ஜிலேபி பிடிக்கத்தான் நான் வாங்கிய 10-ம் நம்பரும் 8-ம் நம்பரும். இதெல்லாம் ஆரம்பிப்பதற்கான அளவுகள்தான், பக்கெட் சோதனைதான் இறுதித் தீர்ப்பு.

மீனின் வாயைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். கொடுவா இரையைக் கொத்தித் தின்பதில்லை. வாயைப் பெரிதாகத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். 4/0 எல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதே காரணத்தால்தான் சின்ன முள் நேராகத் தொண்டைக்குப் போய்விடுகிறது.

வட்ட முள் என்ன பண்ணும்?

நாம் வழக்கமாகப் பார்ப்பது ஆங்கில 'ஜே' எழுத்து மாதிரியான முள். முனை மேல் நோக்கி நேராக நிற்கும், எங்கே பட்டாலும் குத்தும். 'சர்க்கிள் ஹூக்' எனப்படும் வட்ட முள்ளில் முனை தண்டை நோக்கி உள்ளே வளைந்திருக்கும். மீன் விழுங்கினாலும், நரம்பு இறுகும்போது தொண்டையில் பெரும்பாலும் குத்தாமல் வழுக்கி வந்து, வாயின் ஓரத்தில் திரும்பி மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ஸ்ட்ரைப்டு பாஸ் மீனுக்குப் பொழுதுபோக்காக இரை போட்டுப் பிடிப்பவர்கள் வட்ட முள்தான் பயன்படுத்தணும் என்று 2021-ல் விதியே வந்துவிட்டது. திரும்ப விடும் மீன்கள் சாவதைக் குறைப்பதுதான் நோக்கம்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். முனை உள்ளே வளைந்திருப்பதால் இடைவெளி குறைவு, அதனால் வழக்கமான முள்ளைவிட ஒரு சைஸ் பெரிதாக எடுக்கணும். அடுத்து, முள்ளை மேசையில் படுக்க வைத்தால் தட்டையாகக் கிடக்கணும். முனை பக்கவாட்டில் திருகியிருந்தால் தொண்டையில் மாட்டும் வாய்ப்பு மறுபடி கூடிவிடும்.

கஷ்டமான பகுதி, பழக்கத்தை மாற்றுவது. தக்கை அமிழ்ந்ததும் வெட்டி இழுக்கத்தான் கை போகும். வட்ட முள்ளில் அப்படி இழுத்தால் இரையோடு முள்ளும் வாயை விட்டு வெளியே வந்துவிடும். நரம்பு இறுகும்வரை பொறுத்து, ரீலை நிதானமாகச் சுற்றணும்.

குஞ்சு செத்தா என்ன?

கொடுவா பிறப்பதில்லை பெண்ணாக! பெரும்பாலான கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில வருடங்கள் கழித்துத்தான் பெண்ணாக மாறும். முட்டையிடும் பெரிய பெண் மீன்களில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் சின்ன ஆணாக இருந்து தப்பிப் பிழைத்தவைதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 செ.மீ-க்குக் குறைவான கொடுவாவை மட்டுமல்ல, 120 செ.மீ-க்கு மேற்பட்டதையும் பொதுவாகத் திரும்ப விட்டுவிடணும் என்று விதி இருக்கிறது. திரும்ப விட்ட மீன் உயிரோடு இருந்தால்தான் அந்த விதிக்கே அர்த்தம்.

முள் ஆழமாகப் போய்விட்டால் நான் செய்த மாதிரி குடையாதீர்கள். வாய்க்கு அருகில் நரம்பை வெட்டிவிட்டு மீனை விட்டுவிடுங்கள். பிடுங்கி எடுப்பதைவிட இப்படி விட்டால் அது பிழைக்கும் வாய்ப்பு அதிகம். துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் முள்ளைத் தவிர்ப்பது நல்லது, சாதா இரும்பு முள் நாளாக ஆக அரித்துப் போகும்.

அடுத்த முறை 3/0 வட்ட முள்ளோடு போனோம். முதல் இரண்டு கடியை மாமா பழைய பழக்கத்தில் வெட்டி இழுத்து விட்டார். "இந்த முள்ளு சரியில்ல மாப்ள" என்றார். மூன்றாவதில், "மாமா, சும்மா சுத்துங்க, இழுக்காதீங்க" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவான கொடுவா. முள் உதட்டு ஓரத்தில் இருந்தது, எடுக்க 5 விநாடிகூட ஆகவில்லை. தண்ணீரில் விட்டதும் என் முகத்தில் ஒரு வாலடி அடித்துவிட்டுப் போனது.

10-ம் நம்பர் பாக்கெட் மாமாவின் டப்பாவில் இருக்கிறது. ஏரிக்கு ஜிலேபி பிடிக்கப் போகும்போது எடுக்கலாம் என்கிறார்.